குழைக்காதன் ஆற்றைத் தானம் வாங்கிய கதை

முன்னொரு காலத்திலே, மலையில் பிறந்த ஓர் ஆறு வேறெந்த நாட்டையும் எட்டிப் பார்க்காமல், பிறந்த நாட்டுக்குள்ளேயே ஓடி, அதே நாட்டுக் கடலில் போய் விழுந்தது. தலையும் வாலும் தன் கைக்குள்ளேயே இருக்கிற ஆறு வேறெந்த ராஜாவுக்கும் கிடையாது என்று அந்த நாட்டு ராஜாவுக்கு ஏகப்பட்ட பெருமை. நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்தால் தண்டனை கொடுக்கமாட்டார், பந்தயம் வைப்பார். தண்டனையே தேவலை என்று சபையில் இருந்தவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடகவி இருந்தான். நிலபுலன் கிடையாது, வீடுவாசல் கிடையாது. அரண்மனை மடைப்பள்ளியில் சாப்பாடு, கோயில் மண்டபத்தில் தூக்கம். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். சிரித்து முடித்த ராஜா கொஞ்சநேரம் கழித்து, "எதற்குச் சிரித்தோம்?" என்று யோசிக்கும்படி பண்ணிவிடுவது அவன் கெட்ட பழக்கம். அந்தப் பழக்கம் பிரதானி அரியநாயகத்துக்குப் பிடிக்காது. நாட்டில் எந்த நிலம் யாருக்கு என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவர் கையில். ராஜா யோசிக்காமல் இருக்கிற வரைக்கும் அந்த அதிகாரத்துக்கு ஆபத்தில்லை.

ஒருநாள் வளையக்கரை ஜனங்கள் சபைக்கு வந்தார்கள். ஆறு அரிவாள்போல வளைகிற இடத்தில், வெளிவளைவுக் கரையில் இருந்த ஊர் அது. வந்தவர்களில் ஆண்களெல்லாம் தூணோரமாக ஒதுங்கி நிற்க, மாடத்தி என்ற பெண்பிள்ளைதான் முன்னால் வந்து பேசினாள். நாற்பது வயதிருக்கும். கணீரென்ற குரல்.

"ராசா, ஆறு எங்க வயலத் தின்னுட்டுது. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு, போன வெள்ளத்துல மிச்சமும் போச்சு. இப்ப வீட்டுக் கொல்லையில வந்து நிக்குது. வேற எங்கயாச்சும் ஒரு துண்டு நெலம் தாங்க. பாடுபட்டுப் பொழைச்சுக்கிடுதோம்."

ராஜா பிரதானியைப் பார்த்தார். அரியநாயகம் எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா, நிலம் என்பது களவுபோவதற்கு நகையல்ல. அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. இப்போது அதன்மேல் தண்ணீர் ஓடுகிறது, அவ்வளவே. ஓர் ஊருக்கு இரண்டு தடவை நிலம் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை."

ராஜா தலையாட்டிவிட்டார். குழைக்காதனுக்கு நாக்கு நமைச்சல் எடுத்தது.

"பிரதானியார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, மகாராஜா. பரிமாறின இலையைக் குளத்துக்குள் அமுக்கிவிட்டு, 'இலை எங்கேயும் போகவில்லையே, உட்கார்ந்து சாப்பிடு' என்று விருந்தாளியிடம் சொல்லலாம். தப்பே இல்லை."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, சற்றுமுன் தலையாட்டியது தாம்தான் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சிவந்தது. அரியநாயகம் அதைக் கவனித்துவிட்டார்.

"மகாராஜா, குழைக்காதனுக்கு இவர்கள்மேல் இவ்வளவு இரக்கம் இருக்கிறது. அந்த நிலத்தை அவனுக்கே தானமாகக் கொடுத்தால் என்ன? நிலம் அங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். இல்லை என்று அவன் கேலி செய்கிறான். உழுது பார்த்துச் சொல்லட்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் கிடைத்துவிட்டது.

"நல்ல யோசனை! குழைக்காதா, அந்த இடம் இன்றுமுதல் உனக்கு. மூன்றாவது தை பிறப்பதற்குள் அதில் விளைந்த நெல்லில் ஒரு மரக்கால் எனக்குக் காட்டவேண்டும். காட்டினால் இடம் உனக்கே. நீ யாருக்குக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். காட்டாவிட்டால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை. உன்னைப் பேசவைத்த இந்த ஜனங்களும் வளையக்கரையைக் காலிசெய்துவிட வேண்டும்."

தன் பிழைப்புப் போவதைப் பற்றிக் குழைக்காதன் எப்போதுமே அதிகம் கவலைப்பட்டதில்லை. ஆனால் மாடத்தி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தலையில் இருந்த குடத்தைத் தட்டிவிட்டவனைப் பார்க்கிற பார்வை அது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நேரம் வாங்குவதற்காக அவன் கேள்வி கேட்பது வழக்கம்.

"உத்தரவு, மகாராஜா. என் நிலத்துக்கு நான்கெல்லை எது என்று பிரதானியார் சொல்லட்டும்."

தண்ணீரை அளந்துகொடுப்பதில் அரியநாயகத்துக்கு என்ன கஷ்டம்? தாராளமாகவே கொடுத்தார்.

"தரையில் கால்படாத இடம் முழுக்க எடுத்துக்கொள்ளப்பா! மேலே ஓடத்துறை, கீழே யானைப்பாறை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஓடுகிற ஆறு பூராவும் உன்னுடையது. நீரும் உன்னுடையது, நீருக்கு அடியில் இருப்பதும் உன்னுடையது."

ராஜா முத்திரை குத்தினார். கோட்டை வாசலில் மாடத்தி குழைக்காதனை வழிமறித்தாள்.

"ஐயா, ஒங்க வாய்க்கு நாங்க ஏன் ஊரக் காலி பண்ணணும்?"

குழைக்காதன் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். "நானும் உன் ஊருக்கு வருகிறேன் அம்மா" என்றான்.

வளையக்கரைக்குப் போய் முதல் வேலையாகத் தன் நிலத்தைச் சுற்றிப்பார்த்தான். தோணியில் ஏறித்தான் சுற்றிப்பார்க்க முடிந்தது. ஊர் இருந்த வெளிவளைவுப் பக்கம் மூங்கில் கழியை விட்டால் அடி எட்டவில்லை. தண்ணீர் சுழித்துக்கொண்டு, கரையை அடியில் குடைந்து குடைந்து, தலை தொங்கியதும் பொத்தென்று மண்ணை விழவைத்து வாரிக்கொண்டு போனது. உள்வளைவுப் பக்கம் கதையே வேறு. அங்கே ஆற்றுக்கு அவசரமில்லை. நெஞ்சளவுத் தண்ணீர் சோம்பலாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஓரிடத்தில் தோணியின் அடி சர்ரென்று தட்டியது.

"இங்கே மட்டும் என்ன இவ்வளவு மேடு?"

"மேட்டுக்கு மேல, தண்ணி வர்ற பக்கம் பாருங்க. போன வருசம் உப்புத்தோணி ஒண்ணு முங்கிப்போச்சுலா? குறுக்க கெடக்கு. அதுக்குப் பொறத்தால முட்டளவு தண்ணிதான். எம்மாடு அங்கதான் போயிப் படுக்கும்" என்றாள் மாடத்தி.

குழைக்காதன் தோணியை நிறுத்தச் சொன்னான். இறங்கினான். முங்கின தோணியின் முதுகுக்குப் பின்னால், முழங்கால்வரை வழவழவென்று வண்டல். அதைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தான். அப்புறம் கரைக்கு வந்து, ஒரு சட்டியில் கலங்கல் தண்ணீரை மொண்டு, கையால் நன்றாகக் கலக்கி, கீழே வைத்தான். முதலில் பொடிக்கல்லும் மணலும் நறநறவென்று அடியில் உட்கார்ந்தன. சோறு வேகிற நேரம் கழித்து அதன்மேல் மெல்லிசாக வண்டல் ஒரு படலம் பூத்திருந்தது.

"பார்த்தாயா அம்மா? ஓடுகிறபோது எல்லாரையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நடை தளர்ந்தால் கனமானவர் முதலில் உட்கார்கிறார். லேசானவர் கடைசியில்."

மாடத்திக்கு எரிச்சல் வந்தது. "இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? குடிக்கிற தண்ணியத் தெனமும் இப்படித்தான் தெளிய வைக்கோம். சட்டி நிக்கும். ஆறு நிக்குமா?"

"நிற்க வேண்டாம். கொஞ்சம் தயங்கினால் போதும். ஒரு தோணிக்கே இவ்வளவு தயங்குகிறது."

அவள் உப்புத்தோணி கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி சட்டியைப் பார்த்தாள். "தோணிக்கு எங்க போவ? நாணலும் மூங்கிலும் எம்புட்டு வேணும்னாலும் வெட்டலாம்" என்றாள். அன்று முதல்தான் அவள் குழைக்காதனோடு முகம்கொடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

ஊரே இறங்கியது. உள்வளைவில் மூங்கில் முளைகளை வரிசையாக அடித்து, நடுவில் நாணல் கட்டுகளையும் முள்ளையும் நெருக்கமாகப் பின்னி, குறுக்கே தட்டிகள் நிறுத்தினார்கள். விகடகவியின் கைகள் கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, காய்த்துப்போயின. வாயால் பிழைத்தவனுக்கு அது புதுசு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் கவளம் பிடிக்க விரல் மடங்காது.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. தட்டிகளில் பாதி அடித்துக்கொண்டு போயிற்று. மீதிப் பாதி நின்ற இடத்தில் தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மேடு இருந்தது. ஆனால் வண்டலில்லை, மணல்! பருபருவென்று வெள்ளை மணல். அதில் நெல் என்ன, எருக்குகூட முளைக்காது. ஊரில் சிலர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். செய்தி தலைநகருக்கும் போயிற்று. "குழைக்காதன் ஆற்றில் மணல்வீடு கட்டுகிறானாம்" என்று அரியநாயகம் சொல்ல, ராஜா சிரித்தாராம்.

குழைக்காதன் அந்த மணல்மேட்டில் உட்கார்ந்து தட்டியையே வெறித்துப் பார்த்தான். நெருக்கமாகப் பின்னியதுதான் தப்பு என்று புரிந்தது. ஆற்றை மறித்தால் அது முட்டிமோதி உடைக்கிறது. இல்லையென்றால் கையில் இருக்கிற மணலையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வண்டலை மட்டும் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடுகிறது. மறிக்கக்கூடாது. இழுத்துப்பிடிக்க வேண்டும்.

அடுத்த தடவை வேறுமாதிரி செய்தார்கள். மேல்புறத்தில் தட்டியைச் சல்லடைபோல இடைவெளிவிட்டுக் கட்டினார்கள். அங்கே தண்ணீர் லேசாகத் தயங்கி, மணலை மட்டும் இறக்கியது. அதற்குக் கீழே இன்னொரு வரிசை, கொஞ்சம் நெருக்கம். கடைசியில் யானைப்பாறை ஓரமாக நல்ல நெருக்கம். மணலை மேலேயே தொலைத்துவிட்டு வந்த தண்ணீர், அந்தக் கடைசி வளைப்புக்குள் வந்து, போக அவசரமில்லாமல் தேங்கித் தேங்கி வழிந்தது. ஆனி மாதம் மலையில் மழை பிடித்து ஆறு செங்கலங்கலாக வந்துபோனபோது, வளைப்புக்குள் வண்டல் ஒரு சாண் படிந்திருந்தது. ஐப்பசி வெள்ளம் அதன்மேல் இன்னும் படியவைத்தது. தண்ணீருக்கு மேலே முதுகு தெரிந்ததும் எங்கிருந்தோ கோரை வந்து முளைத்தது. கோரை வேரோடியதும் மண்ணைப் பிடித்துக்கொண்டது. பிடித்த மண் அடுத்த வெள்ளத்தில் வந்த மண்ணையும் பிடித்தது.

வடிகால் எடுப்பதற்காக ஓரமாகப் பழைய படுகைவரை வெட்டியபோது குழைக்காதன் ஒன்றைக் கவனித்தான். வெட்டின சுவரில் அடுக்கடுக்காகக் கோடுகள். ஒரு விரல் மணல், அதன்மேல் வண்டல். மறுபடி மணல், மறுபடி வண்டல். ஒவ்வொரு வெள்ளமும் தான் வந்துபோனதற்கு ஒரு ஜோடி விட்டுப்போயிருந்தது. கடைசி அடுக்குகளில் வண்டல் மட்டும் கறுப்பாக இல்லை. காவிபோலச் சிவந்து, மற்ற அடுக்குகளைவிடக் கனமாக இருந்தது.

"இந்தச் சிவப்பு எங்கேயிருந்து வருகிறது?"

"முன்னெல்லாம் வராது. இப்பத்தான் ரெண்டு மூணு வருசமா ஆத்துத் தண்ணி ரத்தமா வருது" என்றாள் மாடத்தி.

அவன் ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேற்கே நடந்தான். மலையடிவாரத்தில் அரியநாயகத்தின் இரண்டு கிராமங்கள் வந்தன. சரிவில் இருந்த காட்டையெல்லாம் மொட்டையடித்துப் பருத்தி போட்டிருந்தார் பிரதானி. மழை அந்தச் செம்மண்ணில் ஆளுயரத்துக்கு ஓடை வெட்டியிருந்தது. குழைக்காதன் ஓர் ஓடைக்குள் இறங்கி நின்று பார்த்தான். பிறகு ஊர் திரும்பினான்.

புரட்டாசியில் வண்டலின்மேல் ஏர்கூடப் பூட்டாமல் விதைத்தார்கள். வெள்ளத்துக்குத் தாக்குப்பிடிக்கிற நெட்டை நெல். அந்த ஐப்பசி வெள்ளத்தில் கழுத்துவரை முங்கி, தண்ணீர் வடிந்ததும் நிமிர்ந்துகொண்டது. மார்கழியில் பால் பிடித்து, கதிர் தலைசாய்த்தது. மூன்றாவது தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஊர் ஜனங்கள் குழந்தைகளை வயல்பக்கம் விடவே இல்லை, மிதித்துவிடுவார்கள் என்று.

அப்போதுதான் அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். வளைப்பு மண் தன்னுடையது என்று பிரதானி வழக்குப் போட்டிருக்கிறார், உடனே சபைக்கு வரவேண்டும் என்றான்.

சபையில் அரியநாயகத்தின் முன்னால் இரண்டு மண்பானைகள் இருந்தன.

"மகாராஜா, என் இரண்டு கிராமங்களின் மேல்மண்ணை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அது இப்போது குழைக்காதனின் வளைப்புக்குள் கிடக்கிறது. இந்தப் பானையில் இருப்பது என் சரிவின் மண். அந்தப் பானையில் இருப்பது வளையக்கரை வண்டல். நிறத்தைப் பாருங்கள். தங்கள் திருக்கரத்தால் தொட்டும் பாருங்கள். இரண்டும் ஒன்றே. என் மாடு வழிதவறிப் போய் அடுத்தவன் தொழுவத்தில் நின்றால், அது அடுத்தவன் மாடாகிவிடுமா? மண் என்னுடையது. என் மண்ணில் விளைந்த நெல்லும் என்னுடையது. அதில் ஒரு மணிகூடக் குழைக்காதன் தொடலாகாது."

ராஜா இரண்டு பானையிலும் கையை விட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. ஒரே மண். கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்கிறாய், குழைக்காதா?" என்றார்.

"அவர் மண்தான், மகாராஜா."

அவனோடு வந்திருந்த மாடத்தி தூண்பக்கமிருந்து, "ஐயா!" என்று அலறினாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நானே மேற்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐயமே இல்லை, அவர் மண்தான். ஒரே ஒரு விளக்கம் மட்டும் பிரதானியாரிடம் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மண் வளையக்கரையில் கிடந்தால் மட்டும்தான் தங்களுடையதா, எங்கே கிடந்தாலும் தங்களுடையதா?"

"இதென்ன கேள்வி? எங்கே கிடந்தாலும் என் மண் என் மண்ணே!"

"மாடு எங்கே படுத்திருந்தாலும் உங்கள் மாடு."

"ஆமாம்."

"வழியை மறித்துக்கொண்டு படுத்திருந்தால் ஓட்டிக்கொண்டு போக வேண்டியது யார்?"

"மாட்டுக்காரன்தான். இதில் என்ன விகடம் இருக்கிறது?" அரியநாயகம் ராஜாவைப் பார்த்துச் சிரித்தார்.

குழைக்காதன் சபையின் மறுபக்கம் திரும்பினான். அங்கே உதுமான் மரைக்காயர் உட்கார்ந்திருந்தார். நாட்டின் பெரிய கப்பல்காரர். ஒரு வருஷமாக அவருடைய கப்பல்கள் மூன்றும், ராஜாவின் சொந்தக் கப்பல் ஒன்றும், ஆற்றுமுகத்துத் துறைமுகத்தைவிட்டு அசைய முடியாமல் சேற்றில் உட்கார்ந்திருந்தன. யார் செய்த பாவமோ என்று ராஜா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார். வழக்குச் செய்தி வந்ததுமே குழைக்காதன் சொல்லியனுப்பியிருந்தபடி, அன்று மரைக்காயர் கையோடு ஒரு செம்பு கொண்டுவந்திருந்தார்.

"மரைக்காயரே, துறைமுக வாயில் எப்படித் தூர்ந்தது என்று சபைக்குச் சொல்லவேண்டும்."

மரைக்காயர் எழுந்தார். "மகாராஜா, ஆற்றுத் தண்ணீர் கடலைத் தொட்டதும் அதன் வேகம் செத்துவிடுகிறது. அதோடு உப்புத் தண்ணீர் கலந்ததும், பால் திரிகிறமாதிரி சேறு திரிந்து கட்டிகட்டியாக அடியில் இறங்கிவிடுகிறது. எப்போதும் கொஞ்சம் இறங்குவதுதான், கடலும் அதை அரித்துக்கொண்டு போய்விடும். இந்த இரண்டு மூன்று வருஷமாக இறங்குகிற சேற்றைக் கடலால் அள்ளி மாளவில்லை. அதில் கொஞ்சம் இதோ."

செம்பை அரியநாயகத்தின் பானைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். பொதக்கென்று விழுந்தது. காவிநிறச் சேறு.

ராஜா குனிந்து, அதையும் தொட்டுப் பார்த்தார்.

"பிரதானியாரின் மாடுதான், மகாராஜா," என்றான் குழைக்காதன். "வளையக்கரையில் கன்றுக்குட்டி நிற்கிறது. தாய்மாடு துறைமுக வாசலில் படுத்திருக்கிறது. இரண்டையும் அவரே ஓட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் முதலில் தாய்மாடு. தங்கள் கப்பல் காத்திருக்கிறது."

ராஜாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "அரியநாயகம், நாளைக்கே கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போம். உமது மண் ஒரு பிடிகூட அங்கே இருக்கக்கூடாது."

பிரதானி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தச் சேற்றை அள்ள அவர் ஆயுள் போதாது, பேரன்மார் ஆயுளும் போதாது. "மகாராஜா... அது... என் நிலத்தில் இருக்கிறவரைதான் என் மண். ஆற்றோடு போனபின் அது ஆற்று மண். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாளி?"

"அப்படியானால் வளையக்கரையில் கிடப்பது?" என்று கேட்டான் குழைக்காதன்.

அரியநாயகம் தம் பானைகளைப் பார்த்தார். "அதுவும்... ஆற்று மண்ணே."

"ஆறு என்னுடையது!" என்றார் ராஜா, பழக்கதோஷத்தில்.

"ஆமாம், மகாராஜா. ஓடத்துறையிலிருந்து யானைப்பாறை வரைக்கும், நீரும் நீருக்கடியில் இருப்பதும் எனக்குத் தானம் கொடுத்தபின் மிச்சமிருக்கிற ஆறு முழுதும் தங்களுடையதே" என்றான் குழைக்காதன்.

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சரி! அந்த நான்கெல்லைக்குள் எது வந்து இறங்கினாலும், யார் வீட்டிலிருந்து வந்ததானாலும், இறங்கியது இறங்கினவிடத்துக்காரனுக்கே சொந்தம். வழக்கு முடிந்தது. ஆனால் துறைமுகத்தை என்ன செய்வது, குழைக்காதா?"

"படுத்த மாட்டை எழுப்ப முடியாது, மகாராஜா. கடல்தான் மெள்ளமெள்ள அரிக்கவேண்டும். இனிமேல் புறப்படுகிற மாட்டைக் கட்டிப்போடலாம். பிரதானியாரின் சரிவில் குறுக்கே கல்வரப்புப் போட்டு, காட்டை வளரவிட்டால், மண் தொழுவத்திலேயே நிற்கும்."

"பருத்தி?" என்றார் அரியநாயகம் ஈனசுரத்தில்.

"துறைமுகமா, பருத்தியா? நீரே சொல்லும்" என்றார் ராஜா. அரியநாயகம் மறுநாளே கல்வரப்புக்கு ஆள் திரட்டப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் மாடத்தி குழைக்காதனைப் பிடித்துக்கொண்டாள். "அவரு மண்ணுதான்னு ஒரு வார்த்தை சொன்னீகளே, எனக்கு உசுரு போயிட்டு. மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லியிருந்தால் நீ அப்படி அலறியிருக்கமாட்டாய். நீ அலறியதால்தான் பிரதானியார் என்னை நம்பினார்."

அவள் முறைத்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அறுவடை நாளன்று ராஜாவுக்குப் புதிதாக ஓர் ஆசை கிளம்பியது. மரக்கால் நெல்லைச் சபைக்குக் கொண்டுவர வேண்டாம், நானே போய் வயலில் நின்று வாங்குகிறேன் என்றார். பரிவாரத்தோடு படகில் வந்தார். வந்தவர் கரையை ஒட்டி இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், அந்த ஐப்பசி வெள்ளம் புதிதாகப் போட்ட விளிம்பிலேயே பட்டுக் குஞ்சம் வைத்த, வெள்ளிப்பூண் போட்ட மிதியடியோடு கம்பீரமாகக் குதித்தார்.

முழங்கால்வரை இறங்கிவிட்டார். ஒரு காலை எடுக்க மற்றக் கால் இன்னும் இறங்கியது. காவலர்கள் பதறிக் குதித்தார்கள். அவர்களும் நட்டுவைத்த முளைகளாக நின்றார்கள். எல்லாரும் கத்தினார்கள். ஒருவராலும் நகர முடியவில்லை.

மாடத்திதான் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்துவந்து ராஜாவின் கையைப் பிடித்தாள். "புது மண்ணு ராசா. நின்னா இழுக்கும். காலச் சாய்ச்சு, அசச்சு அசச்சு வெளிய எடுங்க. ம், அப்படித்தான்." ராஜா ப்ளக்கென்று வெளியே வந்தார். மிதியடிகள் வரவில்லை. குழிக்கு அடியில் சேறு அவற்றை மூடிக்கொண்டது.

மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "குழைக்காதா, யாரையாவது விட்டு என் மிதியடியை எடுக்கச் சொல்" என்றார்.

குழைக்காதன் வானத்தைப் பார்த்தான். ராஜா மறுபடி சொன்னார். அவன் ஆற்றைப் பார்த்தான். மாடத்திக்குப் பொறுக்கவில்லை.

"அது இனிமே எப்படி ஒங்க மிதியடியாவும் ராசா? நாலெல்லைக்குள்ள எறங்குனது எறங்குன எடத்துக்காரங்களுக்குன்னு நீங்கதான தீர்ப்புச் சொன்னீக?"

ராஜா சேறு வழிகிற தம் கால்களைக் குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். ஓய்ந்து, மறுபடியும் சிரித்தார். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் குழைக்காதனுக்குப் போடுவதற்காகக் கழற்றப் போனார்.

"இங்க வச்சுக் கழத்தாதீக ராசா, விழுந்தா வராது" என்றாள் மாடத்தி.

களத்துமேட்டுக்கு வந்தபின்புதான் ராஜா மாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார். மரக்கால் நெல்லைத் தம் கையால் வாங்கிக்கொண்டார். சபையில் தம் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே அவனுக்கு இடம் என்று சொன்னார். குழைக்காதன் அன்றே வயல் முழுதையும் வளையக்கரை ஜனங்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டான். அவன் தனக்கென்று கேட்டதெல்லாம் அறுவடைக்கு அறுவடை ஒருவேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். மடைப்பள்ளிச் சோற்றைவிட அந்தச் சோறு அவனுக்குப் பிடித்திருந்தது.

ராஜாவின் படகு போனபிறகு, அவர் நின்ற இடத்தில் இரண்டு குழிகள் ஆழமாகத் தெரிந்தன. ஊர்க் குழந்தைகள் அதில் நண்டு விட்டு விளையாடினார்கள். ஆனியில் ஆறு பெருகி வந்தபோது, மற்ற இடமெல்லாம் நிரம்புவதற்கு முன்னால் அவை நிரம்பின. அடியில் ஒரு பிடி மணல், அதன்மேல் வண்டல். அந்த வருஷத்து வண்டலில் சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.